தோடியின் பாடபேதம்

ரீமாஸ்டர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நண்பர்கள் இரண்டு விதமாக முகம் சுளிக்கிறார்கள். பழைய சரக்குக்குப் புதுக் காகிதம் சுற்றும் கம்பெனிக்காரன் வேலை இது, இதில் விமர்சகனுக்கு என்ன ஜோலி என்பது ஒரு கட்சி. ரிக்கார்டின் கரகரப்பில்தான் ஆத்மா குடியிருக்கிறது, அதைத் துடைப்பது காலத்தையே துடைக்கிற பாவம் என்பது இன்னொரு கட்சி. சமீபத்தில் முதல் கட்சி நண்பர் ஒருவர், பீட்டில்ஸ் குழுவின் தட்டுகள் 1987இல் குறுந்தகடாக வந்ததையும், 2009இல் மோனோ தனி ஸ்டீரியோ தனி என்று பெட்டிகளாக வந்ததையும், 2017இலிருந்து ஒவ்வொன்றாக மறுகலவை செய்யப்பட்டு வருவதையும் வரிசையாக அடுக்கிவிட்டு, ஒரே பாட்டை ஒருவன் எத்தனை தடவை காசு கொடுத்து வாங்குவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. லண்டனில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் இன்னும் நியாயமாக இருக்கும். அங்கே மூல நாடா பெட்டகத்தில் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த அறையில் யார் பதிவு செய்தார்கள் என்பதற்குக் குறிப்பு இருக்கிறது. இந்தப் பதிப்பு தேவைதானா என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளலாம். சண்டை முடிந்ததும் மூலத்துக்குத் திரும்பிப் போய்க் காதை வைத்துப் பார்க்கலாம்.

நம் நிலைமை அதுவா? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்துக்கொள்கிறேன். இந்தச் சீமையில் சங்கீதம் தெரியாதவனுக்கும் தெரிந்த பெயர் அது. அவரை வளர்த்த தாய்மாமன் நடேச பிள்ளையின் திருமருகல் எங்கள் காரைக்காலுக்கு எட்டிய தூரம்தான். 1956 டிசம்பரில் அவர் இறந்துபோனார். அவரிடமிருந்து நமக்கு எஞ்சியிருப்பது சில 78 சுற்றுத் தட்டுகளும் சில வானொலிப் பதிவுகளும். தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும், ஒலிநாடாவிலிருந்து குறுந்தகட்டுக்கும், அங்கிருந்து கைபேசிக்கும் அவை இறங்கி வந்திருக்கின்றன. வந்த வழியில் யார் கை பட்டது, என்ன செய்தது என்று எந்த அட்டையிலும் ஒரு வரி கிடையாது. 'தூய டிஜிட்டல் ஒலி' என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

என்னிடம் ஒரே தோடியின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒரே வாசிப்பு, பிடிக்குப் பிடி ஒன்று. ஆனால் இரண்டுக்கும் சுருதி அரைக்கட்டைக்கு மேல் வித்தியாசம். சங்கீதத்தில் இதைப் பாடபேதம் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

78 சுற்று என்பது ஒரு பேச்சுவழக்கு. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு பதிவுக்காரனும் தன் இயந்திரத்தின் மனம்போல் எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் தட்டை வெட்டினான். மின்சாரப் பதிவு வந்த பிறகு இது பெருமளவு ஒழுங்குபட்டது என்றாலும், பதிவு எந்திரத்தின் வேகமும் திருப்பிப் போடுகிற எந்திரத்தின் வேகமும் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்ற சட்டம் எதுவும் இல்லை. 74இல் வெட்டியதை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறும். மூன்றேகால் நிமிஷத் தட்டில் பத்து விநாடி காணாமல் போகும். பிறகு அதை ஒலிநாடாவில் ஏற்றியவனின் மோட்டார் சற்று மெதுவாக ஓடியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். வயலினுக்கோ வாய்ப்பாட்டுக்கோ இது நேர்ந்தால் ஏதோ கொஞ்சம் மேலே பாடியிருக்கிறார் என்று போய்விடலாம். ராஜரத்தினம் பிள்ளைக்கு நேர்ந்தால் சரித்திரமே புரண்டுவிடுகிறது.

ஏன் என்றால், அவர் செய்த காரியங்களில் தலையாயது சுருதியை இறக்கியதுதான். அவருக்கு முன்னால் நாலு கட்டை, நாலரைக் கட்டை என்று உச்சத்தில் கூவுகிற திமிரி நாயனம்தான் பெரும்பாலும் புழக்கத்தில் இருந்தது. வீதியில், ஜனக்கூட்டத்துக்கு மேலே கேட்க வேண்டிய வாத்தியத்துக்கு அது பொருத்தம். மேடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஒரு ராகத்தைக் கிளைவிட வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு அது போதவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான, கனமான, இரண்டு இரண்டரைக் கட்டையில் பேசுகிற பாரி நாயனத்துக்கு வந்து சேர்ந்தார். இன்று தஞ்சை ஜில்லாக்களில் கையில் எடுப்பது பெரும்பாலும் பாரிதான். கவிதையில் யாப்பை மாற்றியதற்குச் சமமான செயல் என்றுகூட இதைச் சொல்ல மாட்டேன், அதைவிடப் பெரியது; வாத்தியத்தின் உடம்பையே மாற்றிய செயல். எந்தத் தட்டில் எந்த நாயனம், எந்தக் கட்டத்தில் இந்த இறக்கம் நடந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி காதால் கேட்கக்கூடிய இந்தத் தட்டுகள்தான். வேகத்தைத் தப்பாக வைத்து ஒரு 'மறுபதிப்பு' போட்டவன் பாரியைத் திமிரியாக்கிவிடுகிறான். அதைக் கேட்டுவிட்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆள் இருக்கிறது.

(நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நல்லதுதான். ஆச்சா மரத்துக்கு அத்தாட்சிப் பத்திரம் கிடைத்துவிட்டது. அதற்குள்ளிருந்து வந்த ஒலிக்கு எந்த ஆபீசில் மனுப் போடுவது என்று தெரியவில்லை.)

திருநள்ளாறு பக்கத்தில் இருக்கும் ஒரு நாகஸ்வரக்காரரிடம் இந்த இரண்டு பிரதிகளையும் போட்டுக் காட்டினேன். எழுபதைத் தாண்டியவர், பெயர் போடுவது அவருக்குப் பிடிக்காது. முதல் பிரதியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாவது தொடங்கி அரை நிமிஷத்தில் நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, இது யாரு வாசிச்சது?"

"ரெண்டும் பிள்ளைவாள்தான் ஐயா."

"மொதல்ல போட்டது அவரு. இது மோட்டார் வாசிச்சது. இந்த பிருகா இந்த வேகத்துல வெரல்ல இப்பிடி உருளாது. கார்வையில மூச்சு நிக்கிற எடம் பாரு, அறுத்த மாதிரி இருக்கு. சீவாளி பொய் சொல்லுதுப்பா."

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டார். பையனின் கைபேசியில் இருந்தது அந்த இரண்டாவது பிரதி. மூன்று மாதமாக அந்த வேகத்தைப் பிடிக்க அவன் சாதகம் செய்துகொண்டிருக்கிறான். பிடிக்க முடியவில்லை என்று தன் விரல்மேலேயே அவனுக்குக் கோபம். தாத்தா அவனை ஒன்றும் சொல்லவில்லை. "இது இல்லடா" என்றார், அவ்வளவுதான்.

ரீமாஸ்டர் முக்கியமா என்று கேட்கிற நண்பருக்கு அந்தப் பையனைக் காட்ட வேண்டும். இந்த நூற்றாண்டில் குரு வீட்டில் தண்ணீர் சுமந்து கற்றுக்கொள்ள யாரும் வரப்போவதில்லை; தட்டுதான் குரு. குருவின் வேகத்தை நூற்றுக்கு ஆறு, ஏழு என்று கூட்டிவைத்துவிட்டு அடுத்த தலைமுறையைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த அவலம் என்று மார்தட்டிக்கொள்ளவும் வழியில்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959இல் பதிவானது, ஜாஸில் அதற்கு மேல் புகழ்பெற்ற தட்டு கிடையாது. முதல் பக்கத்துக்காகப் பதிவு செய்த அன்று நாடா எந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே விற்ற அத்தனை தட்டிலும் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் சற்றே மேல் சுருதியில் ஒலித்தன. முப்பது வருஷத்துக்கு மேல், உலகத்தில் டிரம்பெட் கற்றுக்கொண்ட பிள்ளைகள் தட்டோடு சேர்ந்து ஊத முயன்று சுருதி ஒட்டாமல் தவித்தார்கள். அன்றைக்குத் துணைக்கு ஓடிய இன்னொரு எந்திரத்தின் நாடா சரியான வேகத்தில் இருந்ததால் 1992இல்தான் திருத்திய மறுபதிப்பு வந்தது. இதை 'வெறும் வியாபாரம்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தவறு என்ன, எப்படித் தெரிந்தது, எதை வைத்துத் திருத்தினோம் என்று அவர்கள் அட்டையிலேயே எழுதினார்கள். நம் தோடிக்கு அந்த மரியாதை கிடைத்ததா?

இலக்கியத்தில் இந்த மரியாதை என்னவென்று நமக்கு நன்றாகவே தெரியும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் போட்டபோது எந்த ஏட்டில் என்ன பாடம் என்று பார்த்தார். 1894இல் புறநானூற்றில் செல்லரித்துப்போன இடத்தில் தன் கற்பனையை நிரப்பாமல் புள்ளி வைத்தார். புலவராக இருந்துகொண்டு அந்த இடத்தில் ஓர் அடியை எழுதிச் சேர்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். புதுமைப்பித்தன் கதைகளுக்கு 2000இல் ஆ. இரா. வேங்கடாசலபதி செம்பதிப்பு கொண்டுவந்தபோது நம் வட்டம் முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. எந்தப் பத்திரிகையில் எந்த வருஷம், புத்தகத்தில் சேர்த்தபோது எது மாறியது என்பதெல்லாம் நமக்கு ஒரு கமாவின் அளவுக்கு முக்கியமாக இருந்தது. அதே ஆட்கள்தான் சங்கீதம் என்று வந்தால், நல்லா இருந்தா சரி, எதுவா இருந்தா என்ன என்கிறார்கள். எழுத்துக்குப் பதிப்பாசிரியன் வேண்டும், ஒலிக்கு மெக்கானிக் போதும் என்ற இந்த அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது? ஏட்டுக்கு இருக்கும் சாதி கௌரவம் மேளத்துக்கு இல்லை என்பதில் இதன் வேர் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நண்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

காரைக்கால்காரனுக்கு இதில் ஒரு சொந்த வயிற்றெரிச்சலும் உண்டு. காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்கள் பதினொன்றாம் திருமுறையில் பத்திரமாக இருக்கின்றன. நட்டபாடை என்றும் இந்தளம் என்றும் பண்ணின் பெயரும் இருக்கிறது. அவள் பாடிய பண் எங்கே? இன்ன பண்ணுக்கு இன்ன ராகம் என்று பிற்காலத்தார் ஒட்டிவைத்ததைத்தான் நாம் கேட்கிறோம். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாங்கனி இறைக்கிற ஜனக்கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்: ஊனை உதறிவிட்டுப் பேயுருக் கொண்டவளின் குரல் மூன்று நிமிஷம், எவ்வளவு கீறல் விழுந்த தட்டிலாவது கிடைக்குமென்றால் நாம் எதைக் கொடுக்க மாட்டோம்? ராஜரத்தினம் பிள்ளை விஷயத்தில் அந்த மூன்று நிமிஷம் நம் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

கரகரப்புக் கட்சிக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். அந்த இரைச்சல் காலம் சேர்த்த களிம்பு என்று நினைப்பது அறியாமை. அரக்கும் கல்தூளும் கலந்து செய்த தட்டு அது. எஃகு ஊசி தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு வரட்டும் என்றே அந்தத் தூளைக் கலந்தார்கள். புதுத்தட்டும் இரைந்தது. ராஜரத்தினம் பிள்ளை தோடியை வாசித்தார், கல்தூளை வாசிக்கவில்லை. அதை நீக்க முடிந்தால் நீக்கலாம். எனக்கு ஆட்சேபணை கிடையாது.

ஆட்சேபணை வேறிடத்தில். அந்த இரைச்சல் வாழும் உயரத்தில்தான் நாகஸ்வரத்தின் மேல்ஸ்தாயி ரீங்காரமும் வாழ்கிறது. சீவாளியின் நாக்கு உதட்டில் படும் அந்தச் சுரசுரப்பு, ஊதுகிறவன் மனிதன் என்பதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. இரைச்சலைக் கூண்டோடு வெட்டுகிறவன் இதையும் சேர்த்து வெட்டுகிறான். மிஞ்சுவது வழவழவென்று, பாலிதீன் உறையில் போட்ட மாதிரி ஒரு நாயனம். கீறல் நீக்கும் மென்பொருள் இன்னும் மோசம். திடீரென்று குத்தி எழும் எந்த ஒலியும் அதற்குக் கீறல்தான். டிரம்பெட் போன்ற வாத்தியங்களில் அது தடுமாறுவது தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். நம் விஷயத்தில் தவில் கழியின் அடியே அதன் கண்ணுக்குக் கீறலாகப் படுகிறது. அடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தை முன்னும் பின்னும் பார்த்து ஊகித்து நிரப்பிவிடுகிறது. சாமிநாதையர் புள்ளி வைத்த இடத்தில் மெஷின் கவிதை எழுதுகிறது. அப்புறம் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு உரக்க ஏற்றிவிடுவது. 2008இல் மெடாலிகா குழுவின் தட்டு ஒன்றை இப்படி நசுக்கி ஏற்றியதற்காக அதன் ரசிகர்களே கம்பெனியோடு சண்டைக்குப் போனார்கள். அந்தக் குழு உரக்க வாசிப்பதற்கென்றே பிறந்தது, அவர்களுக்கே பொறுக்கவில்லை. ஒரு பிடியைப் பெரிதாக எடுத்து, இழைத்து இழைத்து, கடைசியில் மூச்சின் விளிம்பில் கொண்டுபோய் விடுகிற ஒருவரின் வாசிப்பை இந்த இயந்திரத்தில் கொடுத்தால் என்ன வரும்? விளிம்பே இருக்காது.

சினிமாப் பாட்டு விஷயத்தைத் தொட்டால் கட்டுரை இரண்டு மடங்காகும். எண்பதுகளின் கடைசியிலிருந்து பழைய பாட்டுகளின் மேல் 'ஜங்கார்' என்று டிரம்ஸைப் போட்டு மூடி விற்றார்களே, அது இடைச்செருகல். அதற்கு இவ்வளவு மரியாதையான சொல் தேவையில்லை. விட்டுவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது பாங்கியில். அங்கே எவ்வளவு பெரிய தப்பையும் அழிக்கக் கூடாது. பேரேடு இருந்த காலத்தில் தப்பான தொகையின் மேல் ஒரே கோடு, கீழே இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியான தொகை, திருத்தியவன் சுருக்கொப்பம். கணினி வந்த பிறகும் இதுதான்: தப்பான பதிவு அப்படியே கிடக்கும், எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேராக்க வேண்டும், யார் போட்டது என்று பெயரும் நேரமும் நிற்கும். எங்கோ ஒரு கிளையில் யாரோ ஒருவரின் சேமிப்புக் கணக்கில் உள்ள நூற்றிருபது ரூபாய்க்கு இந்த ஜாக்கிரதை. பிள்ளையின் தோடிக்கு இது வேண்டாம் என்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. இந்தியச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை வெளியானதிலிருந்து 60 வருஷம். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த தட்டுகள் எல்லாம் 2017க்குள் பொதுச்சொத்தாகிவிட்டன. ஆகவே கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டு சும்மா இருக்க நமக்கு யோக்கியதை போய்விட்டது. தட்டு வைத்திருக்கிறவர்கள் வீட்டு அலமாரிகளில் வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரப் பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வேண்டியது கொஞ்சம் வெட்கம். மறுபதிப்புப் போடுகிறவன் தட்டின் எண்ணைப் போட வேண்டும், உள்வட்டத்தில் பொறித்திருக்கும் அச்சு எண்ணோடு சேர்த்து. எந்த வேகத்தில் ஓட்டினான், அந்த வேகத்தை எதை வைத்து முடிவு செய்தான் என்று சொல்ல வேண்டும். எந்த நாகஸ்வரக்காரரிடம் கேட்டான் என்பதையும். துடைத்ததைக் கொடுப்பவன் துடைக்காததையும் கூடவே கொடுக்க வேண்டும். துடைத்தவன் பெயர் வேண்டும்.

இன்னொன்றும் கேட்பேன், சின்ன விஷயம்தான். ஒரு பக்கத்தில் அடங்காத ஆலாபனையை அந்தக் காலத்தில் இரண்டு பக்கமாகப் பகுத்து வாசித்தார்கள். மூன்று நிமிஷத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். ஆனால் முடிந்துவிடக் கூடாது, திருப்பிப் போட்டால் தொடர வேண்டும். கோயில் வாசலில் மணிக்கணக்காகத் தோடியை வாசித்தவர் இந்தக் குறுகலுக்குள் உட்கார்ந்து கண்டுபிடித்த உருவம் அது. நம் பத்திரிகைகளில் சிறுகதையின் வடிவம் பற்றி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறோமே, அதற்குக் கொஞ்சமும் குறையாத உருவம். மறுபதிப்புக்காரர்கள் இரண்டு பக்கத்தையும் வெட்டி ஒட்டி, நடுவில் சுவடே தெரியாமல் ஆறேழு நிமிஷத்து ஒரே ஆலாபனையாகக் கொடுக்கிறார்கள். முதல் பக்கத்தின் கடைசிப் பிடி, ஒரு வாசல்படியில் காலை வைத்து நின்ற பிடி, இப்போது நடுத்தெருவில் காரணமில்லாமல் நிற்கிறது. கேட்கிறவனுக்குப் பிள்ளை ஏன் இங்கே தயங்கினார் என்று சந்தேகம் வருகிறது. அவர் தயங்கவில்லை. அங்கே தட்டு முடிந்தது. ஊசி உள்வட்டத்தில் ஓடும் அந்த நாலு விநாடியை அப்படியே விட்டுவையுங்கள்.